நடுவில் உயர்ந்த திடல்

பூவிழி செய்த தவறை வயலில் வளர்ந்த ஒருவரால்தான் செய்ய முடியும்.

வடபாதிச்சேரி விளையாட்டுத் திடலின் ஒப்பந்தப் பராமரிப்பாளர் அவர். அதற்கு முன் இருபது வருடம் நடவு வேலை. திடலைச் சமப்படுத்தும் பணி நூறு நாள் வேலைக்கு வந்தபோது, பெண்களைச் சேர்த்துக்கொண்டு தண்ணீர் கட்டி, பரம்புப் பலகை இழுத்து, நாற்றங்காலைப் போல மட்டப்படுத்தினார். விரலளவு ஏற்ற இறக்கம் இல்லை. திறப்பு விழாவில் பேசியவர்கள் எல்லோரும் அதைப் புகழ்ந்தார்கள். ஐப்பசி மழையில் கணுக்கால் தண்ணீர் ஒரு வாரம் அப்படியே நின்றது. நெல்லுக்கு அது நல்லது. கபடிக்கு அல்ல.

திடல் நடுவில் சற்று உயர்ந்து ஓரங்களுக்குச் சரிய வேண்டும் என்று வரைபடத்தில் இருந்திருக்கலாம். அதை யாரும் அவரிடம் காட்டவில்லை. ஆனாலும் அவர் அதைச் சாக்காகச் சொன்னதில்லை. "பரம்படிச்சது நான்தான்" என்பார்.

இரண்டு மழைக்காலம் கழிந்ததும் ஒன்றிய அலுவலகத்தில் ஒரு யோசனை எழுந்தது. தண்ணீர் தேங்குவதால் திடல் விளையாட்டுக்குப் பயன்படாது. அங்கே நெல் கிடங்கு கட்டலாம். ஊரில் யாரும் மறுக்கவில்லை. நெல்லுக்கு எதிராக இங்கே யார் வாய் திறப்பார்கள்? பூவிழியின் தம்பி அன்பரசனே போன சம்பாவில் மூட்டைகளை மழைக்குப் பறிகொடுத்தவர்.

"கெடங்கு வேணாம்னு சொல்றியாக்கா?"

"வேணும். கருவை மண்டிக் கெடக்குற பொறம்போக்குல கட்டட்டும். அத வளைச்சுப் போட்டவங்கள எழுப்ப முடியாது. கபடி ஆடுற பொண்ணுங்கன்னா எழுப்பிடலாம், இல்ல?"

'பயன்படாது' என்பது இடத்தின் குணத்தைச் சொல்வது போலத் தோன்றும் சொல். பெரும்பாலும் அது யாரோ கவனிக்காமல் விட்டதைத்தான் சொல்கிறது.

திடலைச் சரிசெய்ய மண் வேண்டும் என்று பூவிழி மனுக் கொடுத்தார். கிடங்கு பற்றி முடிவாகும்வரை திடலில் எந்த வேலையும் நடக்கக் கூடாது என்று கடிதம் வந்தது. படித்தார், மடித்து வைத்தார். மறுநாள் காலையில் வாய்க்கால் தூர்வாரிக் கரையில் குவித்திருந்த வண்டலை அள்ளத் தொடங்கினார். கபடி ஆடும் பதினோரு பெண்களும் ஆளுக்கொரு சட்டியுடன் வந்தார்கள்.

அணித் தலைவி வானதி தஞ்சாவூரில் கல்லூரியில் படிப்பவள். "அக்கா, கேஸ் போட்டா என்ன பண்றது?"

"மண்ணு போட்டதுக்கா? போடட்டும். கோர்ட்டுல நீங்க ஒரு ஆட்டம் ஆடிக் காட்டுங்க. ஜட்ஜும் பாத்த மாதிரி இருக்கும்."

பத்தொன்பது நாளில் திடலின் நடு ஒரு சாண் உயர்ந்தது. சுற்றிலும் வடிகால் வெட்டி வாய்க்காலில் சேர்த்தார்கள்.

ஐப்பசியில் உதவிப் பொறியாளர் குணசேகரன் ஆய்வுக்கு வந்தார். 'திடல் முழுவதும் நீர் தேங்குகிறது' என்று அறிக்கை முன்பே தட்டச்சாகியிருந்தது. பராமரிப்பாளர் கையெழுத்து மட்டும் பாக்கி. தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

"போடும்மா. எனக்கு இன்னும் மூணு ஊரு இருக்கு."

"பெரிய மழையா வருது சார். நின்னு பாருங்க. தண்ணி முழுக்க நின்னா போடுறேன்."

"யாரைக் கேட்டு மண்ணு அடிச்ச? வேலை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும் சார். மொதல்ல மழை விடட்டும்."

சாலைக்குப் போக முடியாத அளவுக்கு மழை பிடித்துக்கொண்டது. விளையாட்டுச் சாமான் அறையின் கூரைக்குக் கீழே இருவரும் ஒரு மணி நேரம் நின்றார்கள். மழை விட்டதும் திடலைச் சுற்றி நடந்தார்கள். நடுவில் தண்ணீர் இல்லை. வடிகால் சலசலத்து ஓடிக்கொண்டிருந்தது. வடகிழக்கு மூலையில் மட்டும் இரண்டு பாய் அகலத்துக்குக் குட்டை.

"இதோ நிக்குதே!" என்றார் குணசேகரன்.

"ஆமா சார், அங்க மண்ணு பத்தல. வடகிழக்கு மூலையில நிக்குதுன்னு எழுதுங்க. நானும் கையெழுத்துப் போடுறேன். முழுத் திடல்னு மட்டும் எழுதாதீங்க."

குணசேகரன் குட்டையைக் காலடியால் அளந்தார். பிறகு தட்டச்சு வரியை அடித்துவிட்டுப் பேனாவால் எழுதினார். பூவிழி கையெழுத்திட்டார்.

கிடங்குக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லிக் கோப்பு திரும்பியது. தை மாதத்தில் பூவிழியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. உத்தரவை மீறினார் என்பது காரணம். அது உண்மைதான். அவர் மறுக்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. சாவியைக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் சட்டி நிறைய வண்டலோடு திடலுக்குள் நுழைந்தவரைப் புதுப் பராமரிப்பாளர் தடுத்தார். "உங்களுக்குத்தான் இங்க வேலை இல்லையே, யாரக் கேட்டு உள்ள வர்றீங்க?"

"வாசல்ல 'பொதுமக்கள் பயன்பாட்டுக்கு'ன்னு போர்டு வச்சிருக்கீங்களே தம்பி, அந்தப் பொதுமக்கள் நான்தான். தள்ளிக்குங்க, மண்ணு கனக்குது" என்று சொல்லி வடகிழக்கு மூலைக்கு நடந்தார்.