சலாம் சொல்லாத இலக்கம்

தொலைபேசியில் கதைத்து முடிந்ததும் பட்டென்று வைத்துவிடுவது என்னுடைய கெட்ட பழக்கம். எங்கள் ஊரில் யாரும் அப்படி வைப்பதில்லை. கதை முடிந்தால் ஒருவர் சலாம் சொல்வார், மற்றவர் அதற்குப் பதில் சொல்வார், அதன் பிறகுதான் இரண்டு பக்கமும் வைப்பார்கள். எனக்கு அந்தப் பொறுமை இருந்ததில்லை. விசயம் முடிந்தால் கை தானாகவே போய் வைத்துவிடும்.

என் ராத்தா, அதாவது மூத்த சகோதரி, இதற்காக என்னைத் திட்டாத நாளில்லை. "மூஞ்சில கதவ அடிச்சமாதிரி வைக்கிறாய் தம்பி. நான் சலாம் சொல்றன், அங்கால டொக்கெண்டு கேக்குது. என்ன பழக்கம் இது?" என்பா. நான் சிரித்துவிட்டு விடுவேன். அது சிரிக்கிற காரியமல்ல என்று எனக்கு விளங்க நாற்பத்தெட்டு வயது ஆகவேண்டியிருந்தது.

எங்கள் ஊர் கிழக்கிலங்கையில் கல்முனைக்குத் தெற்கே கடலோரம் இருக்கிறது. கிழக்கே கடல், மேற்கே வயல். ஒருவர் காலையில் மவுத்தானால், அதாவது இறந்துபோனால், அன்று பின்னேரத்து அஸர் தொழுகையோடு அடக்கிவிடுவார்கள். ஆண்களுக்கு இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகை இருக்கிறது, கபுறுக் குழியில் மூன்று பிடி மண் போடுவது இருக்கிறது, பிறகு வெள்ளிக்கிழமைகளில் அடக்கஸ்தலமான மையவாடிக்குப் போய், கபுறடியில் நின்று பிரார்த்தித்து ஸியாரத் செய்வதும் இருக்கிறது. பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. வீட்டு மண்டபத்தில் கிடத்தியிருக்கும்போது, சந்தூக்கு என்னும் பெட்டியில் வைத்துத் தூக்குவதற்கு முன், மையித்தின் முகத்தை ஒருதரம் பார்ப்பதுதான் அவர்களுக்கு உள்ளது. அது தவறினால் தவறியதுதான்.

மரண அறிவித்தலைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். பள்ளி கடல் பக்கம் இருக்கிறது. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் வயல் பக்கத்து வீடுகளுக்கு "ஜனாஸா அறிவித்தல்" என்பது மட்டும் கேட்கும். பெயர் காற்றோடு கடலுக்குப் போய்விடும். இளசுகளுக்குப் பரவாயில்லை, கைபேசியில் குழுக்கள் இருக்கின்றன. வீட்டுத் தொலைபேசியைத் தவிர வேறொன்றும் தெரியாத வயதான பெண்கள்தான் பாவம். அவர்கள் பள்ளி அலுவலகத்துக்கு எடுப்பார்கள். தொழுகைக்குப் பாங்கு சொல்லி அழைக்கும் மோதினார் அந்நேரம் சந்தூக்கைத் துடைத்துக்கொண்டிருப்பார், அல்லது கபுறு வெட்டுகிறவர்களைத் தேடிப் போயிருப்பார். ஆளில்லாத அறையில் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

ஒலுவில் என்ற ஊரில் ஒரு கணினிக்கூடத்தில் எனக்கு வேலை. கழித்துப்போட்ட கணினி ஒன்றை அனுமதி எடுத்துக் கொண்டுவந்து, அதில் லினக்ஸைப் போட்டு, பள்ளியின் தொலைபேசிக்குத் தானாகவே பதில் சொல்ல வைக்கலாம் என்று பள்ளியை நடத்தும் மரைக்கார்மார் கூட்டத்தில் சொன்னேன். யார் எடுத்தாலும் அன்றைய அறிவித்தல் என்னுடைய குரலில் கேட்கும். மூத்த மரைக்கார் ஒருவர், "ஆளில்லாம அது எப்புடிக் கதைக்கும்?" என்று கேட்டார். "கதைக்கும்" என்றேன், கொஞ்சம் கடுப்போடு.

அது கதைப்பதற்கு மூன்று வெள்ளிக்கிழமைகள் எடுத்தது. தொலைபேசிக் கம்பியைக் கணினியோடு இணைக்கும் பழைய அட்டை ஒன்று என்னிடம் கிடந்தது. செருகினேன். அப்படி ஓர் அட்டை இருப்பதாகவே கணினி காட்டிக்கொள்ளவில்லை. அட்டையின் கதையைக் கணினிக்கும், கணினியின் கதையை அட்டைக்கும் எடுத்துச் சொல்லும் சிறிய நிரல் ஒன்று வேண்டும். அதைத்தான் டிரைவர் என்கிறோம். இந்த அட்டைக்கு அது ஆயத்தமாகக் கிடைக்கவில்லை. மூல நிரலை இறக்கி, நம்முடைய கணினியிலேயே கட்டியெடுக்க வேண்டும். முதல் வெள்ளி முழுவதும் முயன்றும் அதைக் கட்டியெடுக்க முடியவில்லை. திரையில் பிழைச் செய்திகள் வரிவரியாக ஓடின. நிரல் பழையது, நான் போட்டிருந்த லினக்ஸ் புதியது, இரண்டும் ஒத்துவரவில்லை.

அடுத்த வெள்ளி, இணையத்தில் தேடித்தேடி, எந்த நாட்டுக்காரரோ தெரியாது, ஒருவர் அந்த இடத்தைத் திருத்தி எல்லோருக்குமாகப் போட்டு வைத்திருந்ததைக் கண்டேன். அவர் திருத்தியது இரண்டே வரிகள். அவருக்காக இறைவனிடம் ஒரு துஆ கேட்டுவிட்டு அதை இட்டேன். அட்டையில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. வெளியே ஓடிப்போய்க் கைபேசியில் பள்ளி இலக்கத்தை அழைத்தேன். உள்ளே கணினி எடுத்தது, என் குரல் எனக்கே கேட்டது. சின்னப்பிள்ளை மாதிரி சந்தோசப்பட்டேன்.

ஆனால் நான் வைத்த பிறகும் அது வைக்கவில்லை. நாங்கள் வைத்ததும் கம்பியில் ஒரு டூ டூ சத்தம் வரும், அதைக் கேட்டுத்தான் கணினி தானும் வைக்கவேண்டும். அந்தச் சத்தம் நாட்டுக்கு நாடு வேறு. டிரைவர் அமெரிக்காவின் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றது, நம்முடையது அதன் காதில் ஏறவில்லை. மூன்றாவது வெள்ளி அந்தச் சத்தத்தைப் பதிந்து, அளந்து, எண்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். எடுப்பேன், என் குரலைக் கேட்பேன், பட்டென்று வைப்பேன், ஓடிப்போய்ப் பார்ப்பேன். அன்று எத்தனை தரம் அப்படி எடுத்து வைத்தேன் என்று தெரியாது. கடைசியில் நான் வைத்த இரண்டு விநாடிக்குள் அதுவும் வைத்தது. பள்ளிக்கு இருப்பது ஒரே கம்பி. ஒருவர் வைத்தால்தான் அடுத்தவர் எடுக்கமுடியும். அதனால் இந்த ஒன்றில் பிழை வரக்கூடாது என்று மிகவும் கவனமாக இருந்தேன்.

அறிவித்தல் சலாத்தோடு தொடங்கும். பெயர், வீடு, அடக்கும் நேரம். காது மந்தமானவர்கள் இருப்பார்களே என்று, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து சொல்லும். எடுத்தவர் வைக்கும்வரை சொல்லிக்கொண்டே இருக்கும். கடைசியில் இன்னொரு சலாம் வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

முதல் இரண்டு மரணங்களுக்கும் அது ஒழுங்காக வேலை செய்தது. மூன்றாவது, வடக்குத் தெருவில் ஒரு வயதான பெண். பள்ளியிலிருந்து விபரம் சொன்னார்கள், ஒலுவிலில் பகல் சாப்பாட்டு நேரத்தில் குரலைப் பதிந்து அனுப்பினேன். அஸருக்கு அடக்கினார்கள்.

இரண்டு நாள் கழித்து அந்த மூத்த மரைக்கார் என்னைப் பள்ளி வாசலில் நிறுத்தினார். வயல் பக்கத்தில் தனியாக இருக்கும் ஒரு பெண், மவுத்தானவரின் பால்குடிச் சகோதரி. கைக்குழந்தையாக இருந்தபோது தாய் நோயில் கிடக்க, மவுத்தானவரின் உம்மாதான் இவருக்கும் பால் கொடுத்திருக்கிறார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்த உறவு தெரியாது, யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஒலிபெருக்கியில் பெயர் கேட்கவில்லை. பள்ளி இலக்கத்துக்கு எடுத்திருக்கிறார், கம்பியில் வேறு யாரோ. எங்கேஜ். திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார், அஸர் பாங்கு சொல்லும்வரை எங்கேஜ். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகுதான் செய்தி தெரிந்திருக்கிறது.

"முகம் பாக்கல்ல அந்தப் பொம்புள" என்றார் மரைக்கார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கம்பியில் கோளாறு, காற்றுக்கு எங்கேயோ மரம் விழுந்திருக்கும் என்று நான்தான் படபடவென்று கதைத்தேன்.

பிறகு உள்ளே போய்க் கணினியின் பதிவுகளைத் திறந்தேன். கம்பியில் கோளாறு இல்லை, டிரைவரிலும் இல்லை. அன்று பின்னேரம் ஓர் அழைப்பு வந்திருக்கிறது. எடுத்தவர் நாற்பத்து மூன்று நிமிடம் வைக்கவில்லை. பக்கத்தில் அழைத்த இலக்கம் இருந்தது. அது யாருடையது என்று நான் தேடவேண்டியதில்லை, சிறுவயதில் நான் முதன்முதலாகப் பாடமாக்கிய இலக்கம் அது. எங்கள் உம்மா வீடு. எங்கள் வழக்கப்படி கலியாணத்தோடு அந்த வீடு மகளுக்குப் போனது. இப்போது அங்கே இருப்பவர் என் ராத்தா.

அங்கிருந்து நேரே ராத்தாவிடம் போனேன். தேத்தண்ணி தந்தா. சும்மா கேட்பதுபோல், "அந்த ஜனாஸா அண்டைக்கு பள்ளி நம்பருக்கு எடுத்தீங்களா?" என்றேன்.

"ஓம், எடுத்தன். உன்ட குரல் நல்லா வடிவா இரிந்த. மொதல்ல அறிவித்தல் முடிஞ்செண்டு நெனச்சன், மறுகாத் திரும்பச் சொல்றாய். ஒவ்வொரு தரமும் இன்னாலில்லாஹி சொல்லிச் சொல்லி நிண்டன்."

"வைக்கிறதுதானே ராத்தா."

"எப்புடி வைக்கிற? மவுத்துச் செய்தி சொல்றாய், இன்னும் சலாம் சொல்லல்ல. எடையில வைச்சா மரியாதையா அது? இப்பச் சொல்லுவான், இப்பச் சொல்லுவான் எண்டு பாத்துக்கிட்டு இரிந்தன். பாங்கு கேட்டதும் நானே சலாம் சொல்லிட்டு வைச்சன். நீ பதிலும் சொல்லல்ல." பிறகு, "எப்பயும்போலதான்" என்றா.

கால் வலியுள்ளவர். நாற்பத்து மூன்று நிமிடம் நின்றுகொண்டு, நான் சலாம் சொல்வேன் என்று காத்திருக்கிறார். நான் அந்தக் கணினிக்கு, மற்றவர் வைப்பதைக் கண்டுபிடிக்க மூன்று வெள்ளி செலவழித்துச் சொல்லிக்கொடுத்திருந்தேன். வைக்காமல் நிற்கிற ஒருவர் இருப்பார் என்பதை நினைக்கவேயில்லை. ஏனென்றால் சோதித்ததெல்லாம் நான், நான் பட்டென்று வைக்கிறவன்.

மறுநாள் வயல் பக்கம் போனேன். அந்தப் பெண் கதவோரம் கதிரையில் இருந்தார். பக்கத்து மேசையில் தொலைபேசி, அதன்மேல் பூவேலை செய்த ஒரு துணி. நான் யாரென்று சொல்லி, அந்த இலக்கத்தில் கதைக்கிற மிசினைச் செய்தவன் நான்தான், ஒருவர் வைக்காமல் நின்றால் தானாக வைக்க அதற்குச் சொல்லிக்கொடுக்காத பிழை என்னுடையது, என்னை மாப்புச் செய்யுங்கள் என்றேன். யார் வைக்காமல் நின்றது என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

தொலைபேசியின் மேலிருந்த துணியை நீவிவிட்டார். பிறகு, "எனக்கு அவட முகம் தெரியும் வாப்பா. பாக்காட்டியும் தெரியும்" என்றார். "அவதான் பாவம். எல்லாரும் வந்து போன, இவள் மட்டும் வரல்லயே எண்டு கிடந்திருப்பா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மவுத்தானவர் அப்படி நினைக்கமாட்டார் என்றோ, எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்றோ சொல்லியிருக்கலாம், ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அவர்தான் "மாப்புச் செஞ்சிட்டன், போய் வாங்க" என்றார். எழும்பி வாசல்வரை வந்தேன். "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று சொல்லி, அவர் பதிலை முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை நின்றேன்.

அன்றே நிரலை மாற்றினேன். இரண்டு தரம் அறிவித்தல், பிறகு என் குரலில் சலாம், பதில் சொல்ல ஐந்து விநாடி அமைதி, அதன்பின் அது தானாகவே வைத்துவிடும். மொத்தம் நாலு வரி. முதல் நாளே எழுதியிருக்கவேண்டிய நாலு வரி.

அடுத்த மாதம் ஊரில் இன்னொரு மரணம். அப்போது நான் ராத்தா வீட்டில்தான் இருந்தேன். அவ பள்ளி இலக்கத்துக்கு எடுத்து, சுவரில் கைவைத்து நின்று கேட்டா. முடிவில், "வஅலைக்குமுஸ்ஸலாம் தம்பி" என்று என் குரலுக்குப் பதில் சொல்லிவிட்டு மெதுவாக வைத்தா. நான் பின்னால் நிற்பதைக் கண்டு, "இப்பதான் மனிசன்மாதிரி வைக்கிறாய்" என்று சிரித்தா.

பிறகு சிரிப்பு போய்விட்டது. வயல் பக்கத்துப் பெண்ணின் கதை அவ காதுக்கும் வந்திருந்தது. "அந்தப் பொம்புளைக்கு முகம் பாக்கக் கிடைக்கல்லயாம். யாரோ ஒருத்தர் ஃபோன வைக்காம வைச்சிக்கிட்டு இரிந்தாமே? யாருடா அது? ஒரு மவுத்தான நாள்ல இப்புடியும் செய்வாங்களா?"

ராத்தாவின் முகத்தைப் பார்த்தேன். உண்மையிலேயே கோபமாக இருந்தா. அந்தப் பெண்ணுக்காக அவ கண் கலங்கியும் இருந்தது.

"ஒருத்தரும் இல்ல ராத்தா. மிசின்ல பிழை" என்றேன்.

"மிசினுக்கு என்ன தெரியும்?" என்றா ராத்தா. "சொல்லிக்குடுத்தவன்ட பிழை."

"ஓம் ராத்தா" என்றேன். "என்ட பிழைதான்."