சீட்டில் சொல்லாத வெள்ளிக்கிழமை

தேவானந்தம் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். எழுதச் சொன்னால்தான் மகா கஞ்சம். எண்பத்தேழில் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றுக்கு வருகைப்பதிவு புரோகிராம் எழுதிக் கொடுத்தவர் அவர். அதில் எதையாவது மாற்றினால் வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து பஸ் ஏறிப் புது ப்ளாப்பியோடு வந்துவிடுவார். உறையில் ஒட்டிய சீட்டில் எப்போதும் ஒரே வாசகம்: 'சிறு சீர்திருத்தங்கள்.' கம்ப்யூட்டரில் உட்காரும் அஜீஸுன்னிசா என்ன சீர்திருத்தம் என்று கேட்டால், அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா என்று டீ குடிக்கப் போய்விடுவார்.

அந்தச் சமயம் வேலூர் லாங் பஜார் மண்டிக்காரர் ஒருவரும் அதே புரோகிராமைக் கேட்டார். அவருக்கு ஞாயிறு விடுமுறை. ஆம்பூருக்கு விடுமுறையாகப் போட்டிருந்த வெள்ளியைத் தேவானந்தம் ஞாயிறாக மாற்றினார். மாற்றிய கையோடு அதையே ஆம்பூருக்கும் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டார், அதே சீட்டை ஒட்டி.

ஆம்பூரில் வெள்ளிக்கிழமை கம்பெனிக்குப் பூட்டு. சனிக்கிழமை காலை அச்சான பட்டியலை, அஜீஸுன்னிசா பார்ப்பதற்குள் பியூன் கிழித்துக்கொண்டுபோய் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டான். நேற்று சொல்லாமல் கொள்ளாமல் வராதவர்கள்: கம்பெனி மொத்தமும். முதல் பெயர் மேனேஜர் அதாவுல்லா.

"எங்க போனேன்னு ஒரு மெஷின் என்னைக் கேக்குது. ஜும்மா தொழுகைக்குப் போனேன்னு அதுக்கு லீவ் லெட்டர் எழுதணுமா?" என்றார் அவர். ஊரே சிரித்தது, அஜீஸுன்னிசாவைத் தவிர. தப்பாகத் தட்டியது அவள்தான் என்று முடிவுகட்டி, மறுநாள் முதல் பேக்கிங்குக்குப் போகச் சொல்லிவிட்டார் மேனேஜர்.

கம்பெனியிலிருந்து போன் போட்டதும் தேவானந்தம் ஓடிவந்தார். சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டு நழுவிவிடலாம் என்றுதான் நினைத்தார். அஜீஸுன்னிசா பழைய சீட்டை அவர் முன் வைத்தாள்.

"இதுல ஒரு வரி எழுதியிருந்தா, வெள்ளிக்கிழமை இங்க லீவு சார்னு அப்பவே சொல்லியிருப்பேன்."

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உட்கார்ந்து எழுதினார்: 'போன ப்ளாப்பியில் விடுமுறையை ஞாயிறாக மாற்றியது நான், யாரிடமும் சொல்லவில்லை. இதில் மறுபடியும் வெள்ளி. நேற்று யாருக்கும் ஆப்சென்ட் கிடையாது. பட்டியலைத் திரும்ப அச்சடிக்கவும். அஜீஸுன்னிசா தட்டியது எல்லாம் சரி.'

அதாவுல்லா இரண்டு முறை படித்தார். பேக்கிங்குக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டு, பட்டியலுக்கு மேல் அந்தச் சீட்டை ஒட்ட வைத்தார்.

அடுத்த முறை தேவானந்தம் ப்ளாப்பியை நீட்டியபோது அஜீஸுன்னிசா அதைத் தொடவே இல்லை.

"மொதல்ல சீட்டு, சார்."

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நிதானமாகப் படித்தாள்.

"இன்னா மாறிச்சுன்னு இருக்குது. நான் இன்னா செய்யணும்னு இல்லியே?"

தேவானந்தம் நின்றபடியே பேனாவைத் திறந்தார். அவருக்கு வாங்கி வைத்திருந்த டீ ஆறிக்கொண்டிருந்தது.