பல்லில்லாதவன் விற்ற பல்பொடி

"எனக்கிட்ட ஒரு சாமானை வித்துட்டுப் போறதுக்கு இனிமேத்தான்டே ஒருத்தன் பெறக்கணும்."

ஆறுமுகப்பெருமாள் பிள்ளை இதைச் சொல்லாமல் 1934-ல் நாகர்கோவிலில் பொழுது விடிந்ததில்லை. அவர் ஒரு பல்பொடிக் கம்பெனியின் மேனேஜர். அவருக்குக் கீழே விற்பனைக்கு மூன்று பேர். மேற்படி பிரகடனத்துக்கு அவருடைய வாயே சாட்சி. சொந்தக் கம்பெனிப் பொடியைக்கூட யாராலும் அவர் தலையில் கட்ட முடியவில்லை, உமிக்கரிதான் தேய்த்தார்.

காலைதோறும் சரக்குக் கிட்டங்கிக்குப் பின்னால் மூவரையும் வரிசையாக நிறுத்திப் பயிற்சி கொடுப்பார். "சிரிங்கடே. பல்லு தெரியட்டும். பல்லப் பாத்துத்தான் பொடிய வாங்குவான்." நீலகண்டனும் ஜெயசிங்கும் ஈறு தெரியச் சிரிப்பார்கள். ரசலையனுக்கு மேல்வரிசையில் முன்பல் இரண்டும் கிடையாது. "நீ வாயைப் பொத்திக்கிட்டு நில்லு மக்கா. கம்பெனிக்கே நீ ஒரு அபசகுனம்."

ஆனால் சிரித்தவர்கள் கொண்டுபோன பையை அப்படியே சுமந்து திரும்பினார்கள். ரசலையன் மட்டும் கருங்கல் ஊர்ச் சந்தையிலிருந்து காலிப்பையை வீசிக்கொண்டு வந்தான். வேறு மேனேஜராக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். பிள்ளைக்குத் தூக்கம் போயிற்று.

"பல்லில்லாதவன் பல்பொடி விக்கான்னா, டப்பாக்குள்ள பொடி இருக்காதுடே," என்றார் நீலகண்டனிடம். "உமிக்கரிய அடைச்சு விக்கான். கையும் களவுமாப் பிடிச்சு, அண்ணைக்கே சீட்டக் கிழிச்சிருவேன்."

"பாவம், நாலு பிள்ளை உள்ளவன்."

"அதான் களவுக்குக் காரணமே!"

அடுத்த சந்தை நாளில், கொளுத்தும் வெயிலில், கம்பளியால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு துப்பறியப் புறப்பட்டார். "காய்ச்சலா பாட்டா?" என்று மரச்சீனிக் கிழங்கு விற்ற ஒருத்தி, யாரோ தாத்தா என்று நினைத்து விசாரித்தாள். அவளையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துவிட்டு, வாழைக்குலைகளுக்குப் பின்னால் பதுங்கினார்.

எதிரே ரசலையனைச் சுற்றி ஒரு கூட்டம். தடித்த ஆள் ஒருவன் கேலி பேசினான்: "ஏலே, ஒனக்கே பல்லக் காணல்ல. நீயா பல்பொடி விக்கே?"

ரசலையன் மேனேஜர் பொத்தச் சொன்ன அதே வாயை அகலத் திறந்து காட்டினான்.

"இந்தப் பொடி எனக்குப் பிந்தியில்லா கிட்டிச்சு அண்ணாச்சி! அதுவரைக்கும் உமிக்கரிதான். எனக்குப் போனது போச்சு. உமக்கு எப்பிடி? நாக்க வச்சு ஒவ்வொண்ணையும் ஒரு தள்ளு தள்ளிப் பாரும்."

கூட்டத்தில் ஒவ்வொரு கன்னமும் உள்ளிருந்து புடைத்துப் புடைத்து அடங்கியது. வாழைக்குலைக்குப் பின்னால் இருந்த நாக்கும், மேனேஜரின் உத்தரவுக்குக் காத்திராமல், தானே புறப்பட்டுப் போயிற்று. இடது கடைவாய்ப் பல் ஆடியது. பிள்ளையும் ஆடிப்போனார்.

கம்பளியை மூக்குவரை இழுத்துக்கொண்டு கூட்டத்தில் முண்டியடித்துச் சில்லறையை நீட்டினார். "ஒண்ணு."

ரசலையன் ஏறிட்டே பார்க்கவில்லை. பார்க்காததும் சந்தேகத்துக்குரியதுதான். "காலம்பறயும் ராத்திரியும் தேயும், பாட்டா," என்று டப்பாவைக் கொடுத்தான்.

சந்தைக்கு வெளியே வந்து மூடியைத் திறந்தார். உமிக்கரி இல்லை. கிராம்பு மணக்கும் கம்பெனிப் பொடியேதான். கிழிக்கச் சீட்டு இல்லாமல் போயிற்று.

மறுநாள் விடியற்காலை, கிணற்றடியில் யாரும் இல்லை என்பதை இரண்டு தடவை உறுதி செய்துகொண்டு, உமிக்கரிச் சிரட்டையைக் காலால் ஓரமாகத் தள்ளினார் பிள்ளை. பிறகு மடியிலிருந்த டப்பாவை எடுத்து, இடது கடைவாயிலிருந்து தேய்க்கத் தொடங்கினார்.