நாய்க்குப் பயந்த மாட்டு டாக்டர்

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம் கல்யாணமாகிச் சிதம்பரத்துக்கு வந்தேன். கீரப்பாளையம் போகிற ரோட்டில் வீடு. கொல்லையில் இரண்டு கறவை மாடு, வாசலில் ஒரு செவலை நாய். சுற்றுவட்டாரத்து மாடுகளுக்கெல்லாம் ஒரே டாக்டர்தான். அவர் ஏறி உட்கார்ந்தால் மொபட் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு பெரிய உடம்பு. மாட்டிடம் பேசும்போது மட்டும் குரல் குழையும். "கொஞ்சம் திரும்புங்கம்மா, ஒரு ஊசிதான்" என்பார். அதே மூச்சில் எங்களைப் பார்த்து, கொட்டகையில் இப்படிச் சேறாக்கி வைத்தால் அது எப்படிப் படுக்கும் என்று திட்டுவார். திட்டு வாங்கியவர்களே அவருக்கு வாழைத்தாரும் பலாப்பழமும் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு நாய் என்றால் நடுக்கம். சின்ன வயதில் கடிபட்டு, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டாராம். நாய்களுக்கெல்லாம் கம்பவுண்டர்தான் ஊசி போடுவார். டாக்டர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று மருந்தின் அளவு சொல்வார். எங்கள் வீட்டுக்கு வந்தாலும் தெருமுனையிலேயே நின்று ஹாரன் அடிப்பார். கட்டியாகிவிட்டது என்று யாராவது கையாட்டினால்தான் வண்டி நகரும்.

ஒருநாள் சினை பார்க்க வந்திருந்தார். முழங்கைக்கு மேல் வரை உறை போட்டு, கையை மாட்டுக்குள் விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு துழாவிக்கொண்டிருந்தார். மாமனார் வாலைப் பிடித்திருந்தார். அப்போது வீட்டுக்குள்ளிருந்து தடதடவென்று சத்தம். அலுமினிய பால் கேன் ஒன்று நாலு காலோடு கொல்லைக்கு ஓடி வந்தது. கயிற்றை அறுத்துக்கொண்டு போய், காலி கேனுக்குள் தலையை விட்டு நக்கிய எங்கள் நாய்தான். கேன் கழுத்தோடு மாட்டிக்கொண்டது. தொட்டியில் மோதியது, சுவரில் மோதியது, நேராக டாக்டர் காலில் வந்து மோதியது.

அவரால் ஓட முடியாது. கை மாட்டுக்குள் இருக்கிறது.

"அம்மா," என்றார் என்னிடம், மெதுவாக. "அதுக்குக் கண்ணு தெரியுதா?"

"தெரியாது சார்."

"அப்ப நான் இருக்கேன்."

கையை உருவி, கழுவிக்கொண்டு வந்தார். மாமனார் கேனைப் பிடித்து இழுக்கப் போனார். வெல்டிங் கடைக்காரரைக் கூப்பிடலாம் என்றார் மாமியார். இரண்டு பேரையும் அதட்டி நிறுத்திவிட்டு டாக்டர் கடலை எண்ணெய் கேட்டார். என்னை நாயின் உடம்பைக் கட்டிப் பிடிக்கச் சொன்னார். மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல தம்பி, ஒண்ணுமில்ல" என்றபடி கழுத்தைச் சுற்றி எண்ணெய் தடவினார். தம்பிக்குச் சொன்னாரா தனக்குச் சொன்னாரா தெரியவில்லை. இரண்டு விரலை உள்ளே விட்டு முதலில் ஒரு காதை மடித்தார், பிறகு மற்றதை. கேனை லேசாகத் திருகினார். பொளக்கென்று வந்துவிட்டது.

எண்ணெய் வழியும் முகத்தோடு நாய் அவரைப் பார்த்தது. அவர் சட்டென்று கண்ணை இறுக மூடிக்கொண்டார். கை மட்டும் நீட்டியபடியே இருந்தது.

"அம்மா, கடிக்குதா நக்குதா?"

"நக்குது சார்."

"எதுக்கும் பாத்துக்கிட்டே இருங்க."

நாயைத் தூக்கிப்போய் நான் உள்ளே அடைத்ததும் எழுந்தார். சட்டையெல்லாம் எண்ணெய். காப்பிகூட வேண்டாமென்று மொபட்டைக் கிளப்பிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் ஹாரன் சத்தம். போய்ப் பார்த்தால் அங்கேயே நின்றுகொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "மூணு மாசச் சினை, சொல்ல மறந்துட்டேன்" என்றார். நான் அப்போது வாயும் வயிறுமாக இருந்தேன். எதிர்வீட்டு அக்கா வெளியே வந்து, அஞ்சு மாசமென்று அல்லவா சொன்னாய் என்று கேட்டாள். மாட்டுக்கு அக்கா, மாட்டுக்கு என்று தெரு முழுக்க விளக்கவேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து நாய்க்கு அவர்மேல் அப்படியொரு பாசம். மொபட் சத்தம் தூரத்தில் கேட்டாலே கட்டிய இடத்தில் துள்ளும், அழும். அவர் பயம் குறையவே இல்லை. "ஏம்மா என்மேல இவ்ளோ பிரியம் அதுக்கு" என்று கவலையாகக் கேட்பார்.

சில வருஷம் கழித்து டாக்டருக்குக் கடலூருக்கு மாற்றலாகிவிட்டது. கிளம்புகிற அன்று ஆட்டோவில் வந்து வாசலில் நின்றார். நாயைக் கொண்டுவரச் சொன்னார். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஆட்டோவுக்குள் இருந்தபடியே கையை நீட்டி அதன் தலையைத் தடவினார். கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார்.

"பயம் போயிடுச்சா சார்?"

"எங்கம்மா போவுது. அதான் ஆட்டோவுல வந்தேன்."

அன்றைக்குக் காப்பி வேண்டாமென்று சொல்லவில்லை. ஆட்டோவுக்குள்ளேயே உட்கார்ந்து குடித்தார், டிரைவருக்கும் ஒன்று கேட்டு வாங்கிக்கொடுத்தார்.