கோயில் வாசலோரம் நின்ற இருவர்

வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள் மதலேனம்மாள். நான்காவது பிள்ளை பிறந்த பிறகு அவளுக்கு ஒரு தொல்லை வந்தது. இருமினால், தும்மினால், கொழுந்து மூட்டையைத் தலைக்கு ஏற்றினால், அவளை அறியாமல் சிறுநீர் கசிந்துவிடும். உள்ளே துணி வைத்து, மேலே சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். மழைக்காலம் அவளுக்குப் பிடித்திருந்தது. அப்போது மலையில் எல்லாருமே நனைந்திருப்பார்கள்.

கணவன் சுவக்கீனிடம்கூட வெகுநாள் சொல்லவில்லை. ஒருநாள் அவனே கொடியில் கிடந்த துணிகளைப் பார்த்துக் கேட்டான். சொன்னாள். மறுநாளிலிருந்து அவள் எழுவதற்குள் துவைக்க வெந்நீர் போட்டு வைத்தான்.

பக்கத்து வீட்டு அழகுத்தாயிடம் மட்டும் இதைச் சொல்லியிருந்தாள். "சுமக்கிற தமிழ் ஆளுகளுக்குத்தான் இது வரும். கீழ பங்களாவுல இருக்கிறவுகளுக்கா வரப்போவுது? பொறுத்துக்கிட வேண்டியதுதான்" என்றாள் அழகுத்தாய். மதலேனம்மாளும் அப்படியே நம்பினாள்.

மாதா கோயிலில் ஞாயிறு பூசையின்போது வாசலை ஒட்டி நிற்பாள். நினைத்த நேரம் வெளியே போகலாம். அதே வாசலின் மறுபக்கம் இன்னொருத்தியும் நிற்பாள். தோட்டத்துத் தேயிலை ஆலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கரின் மனைவி அன்னம்மா. முன்னால் பெஞ்சில் உட்கார இடம் இருந்தும் உட்காரமாட்டாள். கோட்டயத்துக்காரி என்பதால் ஏதோ பெருமை என்று மதலேனம்மாள் நினைத்திருந்தாள்.

எழுபத்தைந்தாம் வருடப் பனிக்காலத்தில், பூசை நடுவே மதலேனம்மாளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. சேலை நனைந்துவிட்டது. வெளியே ஓடி மதிலோரம் நின்று அழுதாள். பின்னாலேயே வந்த அன்னம்மா தன் சால்வையை அவள் இடுப்பில் சுற்றிவிட்டாள்.

"எனக்கும் இதுதான். அதனாலதான் நானும் வாசல்ல நிக்கறது" என்று மலையாளம் கலந்த தமிழில் சொன்னாள்.

மதலேனம்மாளுக்கு நம்ப முடியவில்லை. "உங்களுக்குமாம்மா? எங்க ஆளுகளுக்குத்தான் வரும்னுல்லா நெனச்சேன்."

அன்னம்மா சிரித்துவிட்டாள். "எங்க வீட்ல நேர்மாறா சொல்வாங்க. மலை ஏறுற தமிழ்ப் பெண்ணுங்களுக்கு உடம்பு உறுதி, இதெல்லாம் வராதுன்னு. கோட்டயத்துல ஒரு மடத்து ஆசுபத்திரி இருக்கு. தனியா போக நாணமா இருக்கு. கூட வர்றியா?"

போனார்கள். பை நிறைய மாற்றுத் துணி. வழியில் குட்டிக்கானத்தில், இருவரும் ஒதுங்கிவிட்டு வர, அன்னம்மா டிரைவரிடம் கூச்சப்படாமல் சொல்லி பஸ்ஸை நிறுத்தச் செய்தாள். அன்று அது மதலேனம்மாளுக்குப் பெரிய துணிச்சலாகத் தெரிந்தது.

டாக்டர் ஒரு கன்னியாஸ்திரி. இருவரையும் தனித்தனியே சோதித்தார். அன்னம்மாவுக்கு, அடிவயிற்றுக்குக் கீழுள்ள தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி போதும் என்றார். மதலேனம்மாளுக்குக் கருப்பை இறங்கியிருந்தது. அறுவை சிகிச்சை தேவைப்பட்டது.

"இது தமிழ் ஆளுகளுக்குத்தான் கூட வருதாம்மா?" என்று அவள் கேட்டாள்.

"யாருக்குக் கூடன்னு எனக்குத் தெரியாது மதலேனா. இங்கே எல்லா ஜாதியிலும் வர்றாங்க. தோட்டத்துப் பெண்கள் ரொம்பத் தாமதமா வர்றாங்க, அதுதான் எனக்குத் தெரியும்."

சிகிச்சை முடிந்து எழுந்து நடக்கும்வரை அன்னம்மா ஊருக்குத் திரும்பவில்லை. பக்கத்திலிருந்த தன் தாய் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து ஊட்டினாள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிள்ளைகளை அழகுத்தாய் பார்த்துக்கொண்டாள். பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அன்னம்மாவின் கணவர் மானேஜரிடம் எடுத்துச் சொல்லி, மதலேனம்மாளை நாற்றங்காலுக்கு மாற்றிக் கொடுத்தார்.

அன்னம்மாவுக்கு முழுதாகக் குணமாகவில்லை. வெகுவாகக் குறைந்தது, அவ்வளவுதான். மதலேனம்மாளுக்கு நின்றேவிட்டது. அதற்கு என்ன கைம்மாறு செய்வதென்று தெரியவில்லை. நாற்றங்கால் ஓரத்தில் விளைந்த முதல் பீன்ஸை ஒரு கூடை கொண்டுபோய்க் கொடுத்தாள். அக்கா என்பதை மலையாளத்தில் "சேச்சி" என்று சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தது அன்றுதான்.

அடுத்த கோடையில், கல்யாணமானது முதல் பார்க்காத தங்கையைத் தேடித் திருநெல்வேலிப் பக்கம் போனாள். நாள் முழுக்கப் பஸ் பயணம். சுவக்கீன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தங்கை வீட்டில் பழைய கதைகள் பேசி வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்து முடித்தும் சேலை நனையவில்லை என்று கண்டதும் கண்ணை மூடி, சேச்சியின் பெயரையும் டாக்டரம்மாவின் பெயரையும் சொல்லி ஒரு ஜெபம் செய்தாள். எதற்கென்று தங்கை கேட்டபோது, தயங்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.