இரண்டு அறைக்கும் ஒரே தாளம்

மாலை ஐந்தே கால் மணி. ஹாலில் பெரிய பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். உள்ளறையில் சின்னப் பிள்ளைகள் ஒற்றைக் காலைத் தூக்கியபடி ஸ்பீக்கரைப் பார்த்து நின்றார்கள். அங்கே பாட்டு நின்றுபோயிருந்தது.

புனேயின் வாகட் பகுதியில் உள்ள எங்கள் ஃபிளாட்டில் என் மனைவி கல்பனா பரதநாட்டியம் கற்றுத்தருகிறாள். ஒரே பாட்டு வைஃபை வழியாக இரண்டு அறை ஸ்பீக்கர்களுக்கும் போகும். உள்ளறையில் அது அடிக்கடி அறுந்ததால் இரண்டு பிள்ளைகள் வேறு வகுப்புக்குப் போய்விட்டார்கள். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை ரவுட்டரிலிருந்து உள்ளறை ஸ்பீக்கர் வரை நானே லேன் கேபிள் இழுத்தேன். தரையை ஒட்டிச் சுவரில் கிளிப் வைத்து ஆணி அடித்தேன். மறுநாள் பாட்டு ஒரு தடவைகூட நிற்கவில்லை. இரண்டு அறையிலும் கால்கள் ஒன்றாக விழுந்தன.

வியாழக்கிழமை வகுப்பின் நடுவே ஏழு வயது ஈஷா என்னிடம் வந்து உள்ளங்கையை நீட்டினாள்.

“அங்கிள், ஹே பகா! இதப் பாருங்க, கீழ கிடைச்சுது” என்றாள், பாதி மராத்தியில்.

நான் அடித்த ஆணி. பிள்ளைகள் தரையைத் தட்டித் தட்டி ஆடியதில் கழன்று விழுந்திருந்தது. அத்தனை பேரும் வெறுங்காலோடு இருந்தார்கள்.

“யார் கால்லயாவது ஏறியிருந்தா? உங்க இன்ஜினியரிங்கை எல்லாம் சீலிங்கிட்ட வெச்சுக்குங்க” என்றாள் கல்பனா.

அன்றே மிச்ச ஆணிகளையும் பிடுங்கிவிட்டு, கேபிளைக் கதவுக்கு மேலே ஏற்றி, சுவரில் ஒட்டும் பிளாஸ்டிக் பட்டைக்குள் விட்டேன். இப்போது ஒவ்வொரு வகுப்புக்கு முன்பும், பழுதான ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைத் தரை முழுக்க நகர்த்திப் பார்க்கிறேன். வேறு வகுப்புக்குப் போன இருவரில் ஒருத்தி திரும்பி வந்துவிட்டாள்.

நேற்று காந்தத்தில் ஆணி எதுவும் இல்லை; ஏதோ ஒரு பிள்ளையின் ஹேர்பின் ஒட்டியிருந்தது.