காதில் விழுந்த வகுத்தல்

அந்தப் பள்ளிக்கு ஒரே அறை, ஒரே டீச்சர், ஐந்து வகுப்பு, பதினோரு பிள்ளைகள். மூன்றாம் வகுப்பில் இரண்டே பேர். அந்த வகுப்புக்கு நடக்கும் அரசுத் தேர்வில் ஒருத்தர் கோட்டைவிட்டால் தேர்ச்சி ஐம்பது சதவீதம். இரண்டு வருஷம் தொடர்ந்து அப்படியானால் பள்ளியை மூடி, ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். அவ்வளவு தூரம் பாதிப் பிள்ளைகள் போகவே மாட்டார்கள் என்று டீச்சருக்குத் தெரியும். போன வருஷம் ஒருத்தன் காய்ச்சலில் படுத்து அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டான். சதவீதத்துக்குக் காய்ச்சல் எங்கே தெரியப்போகிறது?

பதினெட்டு வருஷமாக அந்த அறையில் கத்திக் கத்தித் தொண்டையைத் தேய்த்தவர் டீச்சர். ஒரு மூலையில் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த மூலைக்கு ஓடுவார். அவருக்குத் தீராத தலைவலி மூன்றாம் வகுப்பு 'ஊமைக்கொட்டான்'. வாயே திறக்காத பெண். கண் மட்டும் எப்போதும் ஐந்தாம் வகுப்புக் கரும்பலகை மேல். "உன் பாடத்தைப் பாரு" என்று நாளைக்குப் பத்துத் தடவையாவது அதட்டு விழும்.

இந்த வருஷம் தேர்வு முடிந்த மூன்றாம் வாரம் கல்வி அதிகாரி ஒரு விடைத்தாளோடு வந்து நின்றார். ஊமைக்கொட்டானுடையது. படம் வரைந்து பென்சில்களைப் பங்கிடச் சொன்ன கணக்கை அவள் நெடுவகுத்தலில் போட்டிருந்தாள். யாரோ எழுதிக் கொடுத்ததென்று அதற்குச் சுழியம் போட்டிருந்தார்கள்; அதோடு அவள் தேர்ச்சியும் போயிருந்தது.

"இது அஞ்சாம் வகுப்புப் பாடம். யார் எழுதிக் குடுத்தது டீச்சர், நீங்களா?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. "சந்தேகம்னா அவளையே கேளுங்க சார்."

அதிகாரி அவளைக் கூப்பிட்டு 936-ஐ எட்டால் வகுக்கச் சொன்னார். கரும்பலகை முன் எக்கி நின்று எழுதினாள். 117. மீதி இல்லை.

"யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

"எனக்கு யாரும் சொல்லல சார். டீச்சர் அஞ்சாம் வகுப்பு அண்ணனுங்களுக்குச் சொன்னாங்க." பிறகு டீச்சரைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தாள். "இனிமே கேக்க மாட்டேன் டீச்சர்."

டீச்சருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அதிகாரி மதிப்பெண்ணைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். பள்ளி தப்பியது. ஆனாலும் ஆய்வறிக்கையில், 'ஐந்து வகுப்பும் ஒரே அறையில் நடப்பது குறை' என்று வழக்கம்போல எழுதிவிட்டுத்தான் போனார்.

மறுநாள் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம். ஊமைக்கொட்டான் சொன்ன சொல் தவறாமல் தன் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீச்சர் கரும்பலகையை மூன்றாம் வகுப்புப் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டு, குரலை உயர்த்தினார்.